மூன்று முறை மருந்தடித்தும் படைப்புழு சாகவில்லையா?

“மக்காச்சோளம் விதைத்து 40 நாள் ஆகிறது. படைப்புழுவுக்கு மூன்று தடவை மருந்தடித்துவிட்டேன், மூன்றும் வேறு வேறு பெயர். இன்னமும் இலையெல்லாம் ஓட்டையாகத்தான் இருக்கிறது. இதைவிட வீரியமான மருந்து எது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மருந்துக்கு அப்புறம் வருவோம். நீங்கள் பார்க்கும் ஓட்டை எந்த இலையில் இருக்கிறது? புழு தின்பது சுருண்டிருக்கும் குருத்துக்குள். அந்த இலை சில நாள் கழித்து விரியும்போதுதான் ஓட்டை வெளியே தெரிகிறது, அதுவும் வரிசையாக, காகிதத்தை மடித்து ஒரு இடத்தில் குத்தினது மாதிரி. ஆக, விரிந்த இலையில் இருப்பது பழைய காயம். புழு செத்துப்போயிருந்தாலும் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு நான்காவது தடவை அடிப்பது, காசைக் கொண்டுபோய் வரப்பில் ஊற்றுவதுதான்.

பார்க்க வேண்டிய இடம் குருத்து. அதில் மரத்தூள் போல ஈரமான எச்சம் புதிதாகக் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது. குருத்தைப் பிரித்துப் பாருங்கள். தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் படைப்புழுதான். பெரும்பாலும் ஒரு குருத்தில் ஒன்றிரண்டு பெரிய புழுக்கள்தான் மிஞ்சும், ஏனென்றால் இது தன் இனத்தையே தின்னும் ரகம்.

இப்போது உங்கள் மூன்று மருந்தும் ஏன் தோற்றிருக்கலாம் என்பதற்கு வருகிறேன். புழுவுக்கு ஆறு பருவம். அது மொத்தமாகத் தின்னும் இலையில் முதல் மூன்று பருவத்தில் தின்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது, கடைசிப் பருவத்தில் மட்டும் முக்கால் பங்குக்கு மேல். அதனால்தான் ‘நேற்று நன்றாக இருந்த வயல் இன்று இப்படி’ என்று தோன்றுகிறது. நாம் மருந்தை எடுக்கும்போது புழு பெரிதாகி, தன் எச்சத்தையே மூடி போட்டுக்கொண்டு குருத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். மேலே தெளித்தது அதைத் தொடாது. எவ்வளவு வீரியமான மருந்தாக இருந்தாலும் இதே கதைதான். சாகாததற்கு மருந்துக்கு எதிரான தாங்கும் சக்தியும் காரணமாக இருக்கலாம்: டப்பாவின் பெயர் மூன்றானாலும், லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர் ஒன்றேதானா என்று படித்துப் பாருங்கள், பல சமயம் ஒன்றேதான். வேதிப்பெயர் வேறாக இருந்தும் புழுவின் உடலில் ஒரே விதமாக வேலை செய்தால் மாற்றி அடித்ததாகவே ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? வயலில் ஐந்து இடத்தில் நின்று இடத்துக்கு 20 செடியாக 100 செடியின் குருத்தைப் பாருங்கள். புது எச்சம் இருக்கும் செடியை மட்டும் எண்ணுங்கள், ஓட்டையை எண்ண வேண்டாம். பயிர் சின்னதாக இருக்கையில் சுமார் 20 செடி, உங்கள் பயிர்போல வளர்ந்த பிறகு சுமார் 40 செடி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்து. சிறு விவசாயிகளுக்கான வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு இது. குறைவு என்றால் விட்டுவிடலாம், மக்காச்சோளம் ஓரளவு இலை இழப்பைத் தாங்கி எழுந்துவிடும். கந்தலாகத் தெரியும் வயல்கூட நல்ல கதிர் பிடித்ததுண்டு. அடிப்பதானால் சாயங்காலம், தெளிப்பான் முனையை (நாசில்) குருத்துக்கு நேராகப் பிடித்து, லேபிளில் உள்ள அளவோடு. இரட்டை அளவு போட்டால் முதலில் சாவது படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுப் பெருகும் குட்டிக் குளவிகளும், புழுவைத் தின்னும் எறும்பும், வாலில் இடுக்கி வைத்திருக்கும் இடுக்கிப்பூச்சியும்.

நிலம் சின்னது என்றால் கையே நல்ல கருவி. ஒரு முட்டைக் குவியலில் 100 முதல் 200 முட்டை இருக்கும், மேலே சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி மூடியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். அடுத்த போகத்தில் முளைத்த வாரத்திலிருந்தே, வாரம் இரண்டு தடவை நடந்து பார்த்து, கண்ணில் பட்டதை விரலால் நசுக்கிவிடுங்கள். குருத்தில் ஒரு சிட்டிகை மணலோ சாம்பலோ போடுவதைப் பல நாட்டுச் சிறு விவசாயிகளும் செய்கிறார்கள், சின்னப் புழுவாக இருக்கையில் போட்டால்தான் பலன்.

இப்போதைக்கு அந்த 100 செடியை எண்ணுங்கள். அதற்குள் ஆண்பூ வந்துவிட்டால் தெளிப்பானைக் கழுவி உள்ளே வைத்துவிடலாம்.