அப்பாவின் காகிதங்களும் அம்மாவின் அண்டாவும்

வணக்கம்.

என் அப்பா போன தை மாதம் காலமானார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்து வரப்போகிறோம். எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஊர் வீட்டிலோ நாற்பது வருடத்துச் சாமான். அப்பா பள்ளி ஆசிரியர், ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறியாதவர். எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு என்கிறாள் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை. ஒரு வருடம் தொடாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று யூடியூபில் சொன்னார்கள். அதன்படி போன வாரம் ஆரம்பித்தேன். அம்மா பித்தளை அண்டாமேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள்.

அந்த ஒரு வருடக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். வாரம் ஒரு பார்சல் வந்து இறங்கும் வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஊர் வீடுகளில் கொலுப் பொம்மை வருடத்துக்கு ஒருமுறைதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். அண்டா அடுப்பேற ஒரு விசேஷம் வர வேண்டும். தொட்ட நாளை வைத்து இவற்றுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அம்மா நின்றது அண்டாவுக்காக மட்டும் என்றும் நினைக்காதீர்கள். கணவர் போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் வீடும் போகிறது, ஊரும் போகிறது. வீட்டை விற்பதை நீங்களும் தங்கையும்தான் முடிவு செய்தீர்கள் என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. சாமான் விஷயத்திலாவது முடிவு அம்மாவுடையதாக இருக்கட்டும். நீங்கள் எடுத்துக் கொடுங்கள், துடையுங்கள், தூக்குங்கள். வைப்பதா விடுவதா என்பதை அவர் சொல்லட்டும்.

சொல்வதற்கு முன் அந்தப் பொருளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். என் முதல் யோசனையும் முக்கியமான யோசனையும் இதுதான். பாத்திரத்தின் விளிம்பைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். தலைப்பெழுத்து, பெயர், சிலவற்றில் தேதியும் இருக்கும். எந்த அத்தை யார் கல்யாணத்துக்கு வைத்த சீர் என்பதற்குப் பல குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அதுதான். ஆனால் அந்த நான்கு எழுத்து யாரைக் குறிக்கிறது என்பது இன்றைக்கு அம்மாவுக்கு மட்டும் தெரியும். பாத்திரக்கடையில் பழைய பித்தளைக்கு எடை பார்த்து விலை போடுவார்கள், பெயருக்கு விலை கிடையாது. பெயரைப் படம் எடுத்து, அம்மா சொன்னதை எழுதி வைத்துவிட்டால், பிறகு அந்தப் பாத்திரத்தைக் கொடுப்பதுகூட அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது. என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

பித்தளையில் சமைக்கப்போவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது, பூசுகிறவர்களும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஈயச்சொம்பு இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். சென்னையில் அம்மா முதலில் தேடப்போவது அதைத்தான். உங்கள் வீட்டில் வேறு யாராவது ரசம் வைப்பதானால், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும் என்று சொல்லி வையுங்கள்.

இனி காகிதம். தங்கை சொல்வதை இதில் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்காமல் எதையும் எடைக்குப் போட வேண்டாம். வீட்டை விற்க மூலப்பத்திரமும் பட்டாவும் வேண்டும், அவை தேடினால் அகப்பட்டுவிடும். அகப்படாமல் போவது வேறு வகை. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் வீட்டுக்குத் தெரியாமல் ஏதாவது கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கியிருப்பார்கள், அந்தப் பத்திரம் பழைய நாட்குறிப்புக்குள் மடிந்து கிடக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதப் பங்குகளை அப்படியே விற்று மாற்ற முடியாதுதான், ஆனால் வாரிசுகள் தங்கள் பெயருக்குக் கொண்டு வரலாம். தொடர்ந்து ஏழு வருடம் ஈவுத்தொகையை யாரும் வாங்காவிட்டால் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், வழி நீளம், அவ்வளவுதான். பத்து வருடம் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், அதையும் அந்த வங்கி மூலமே வாரிசுகள் கேட்கலாம். இப்படிக் கிடக்கும் கணக்குகளைப் பெயர் போட்டுத் தேட 2023இல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. அப்பா பெயரைப் போட்டுப் பாருங்கள்.

பணம் சம்பந்தமில்லாத காகிதங்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் கவலை. பள்ளி ஆசிரியர் என்கிறீர்கள். ஆண்டு மலர், விளையாட்டு விழா அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, வரவு செலவு நோட்டு எல்லாம் இருக்கும். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படித்தான் சேர்த்தார். புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று எதையும் விடவில்லை. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதை வைத்து 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே போகிறார்கள். வேறு வீடுகளில் குப்பைக்குப் போன தாள்கள்தான் அங்கே ஆவணமாக இருக்கின்றன.

உங்கள் அப்பாவின் பெட்டியை எல்லா நூலகமும் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. தலைப்பு, வருடம், அச்சகம் மூன்றையும் எழுதி ஒரு பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். கரையான் பட்டதையும் ஈரம் பட்டதையும் நல்ல தாள்களோடு சேர்க்காதீர்கள். வரவு செலவு நோட்டை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பால் பாக்கி, சீட்டுப் பணம், உங்களுக்கு டிரவுசர் தைத்த கூலி எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். சம்பளம் வந்து எத்தனையாவது நாளில் கடன் வாங்கினார் என்பதும் அதில் தெரியும். அவர் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டார்.

புகைப்படங்களைக் கடைசியில் எடுங்கள். முதலில் எடுத்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வரும். பசைத் தாள் ஆல்பத்தில் இருந்தால் மெதுவாகப் பிரித்துக் காகித உறைகளில் போடுங்கள், அந்தப் பசை நாளாக ஆகப் படத்தைக் கெடுக்கும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிகிற வேலை. அப்பாவின் வேட்டி சட்டை நல்ல நிலையில் இருக்கும்போதே உடுத்துகிறவர்களுக்குப் போகட்டும், பீரோவில் இருந்தால் மடிப்பில் பழுப்பேறிவிடும். மாத்திரைகளை யாருக்கும் தராதீர்கள். மெத்தை, பிளாஸ்டிக் டப்பா, அன்பளிப்பாக வந்த சுவர்க் கடிகாரம், ஒன்றுக்கு நான்காக இருக்கும் எவர்சில்வர் குடம் இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம். பணி ஓய்வு விழாவில் கொடுத்த ஷீல்டுகளில் ஒன்று போதும்.

தங்கையை வீடியோ காலில் ஒரு நாள் முழுக்க வீட்டைச் சுற்றிப் பார்க்க வையுங்கள். தூரத்திலிருந்து எல்லாவற்றையும் எறி என்று சொல்கிறவர்கள் ஒரு மரப் பெட்டியைப் பார்த்ததும் அழுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டியதைக் கேட்க அவருக்கு ஒரு தேதி கொடுங்கள். பிறகு வருத்தம் வராது.

ஒன்று கேட்க வேண்டும். ஃபிளாட்டில் இடமில்லை என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறீர்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியும் பழைய மிக்ஸியும் உங்கள் வீட்டு லாஃப்டில் இருக்குமே? அம்மா வருவதற்கு முன் அதைக் காலி செய்யுங்கள். சமையலறையில் ஒரு அலமாரித் தட்டு, படுக்கையறையில் ஒரு முழு பீரோ, இரண்டும் அவருக்கென்று தயாராகட்டும். அளவெடுத்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அண்டா அதில் அடங்குமா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

அன்புடன்.