ஊசி போடுகிற நர்ஸே போட்டுக்கொள்ள மறுத்தால்?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் 11 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இப்போது கொரோனா தடுப்பூசி அறையில்தான் டூட்டி. ஒரு நாளைக்கு நூறு பேருக்காவது ஊசி போடுகிறேன், ஆனால் நான் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. குழந்தைக்காக மறுபடியும் சிகிச்சை எடுத்துவருகிறேன், அதனால் பயம். போன வாரம் மெமோ கொடுத்தார்கள்: 14 நாட்களுக்குள் போட்டுக்கொள்ளாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு, அப்புறம் பணிநீக்கம். கூடவே இரண்டு தாள். ஒன்றில், "முழு மனதோடு போட்டுக்கொள்கிறேன்" என்றிருக்கிறது. இன்னொன்றில், "நான் மறுக்கிறேன், என்னால் எந்த நோயாளிக்குத் தொற்று வந்தாலும் முழுப் பொறுப்பும் என்னுடையதே" என்றிருக்கிறது. ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடாதவர்கள் பட்டியல் என்று என் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியும் விட்டார்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவர், "ஒரு டோஸைக் கொட்டிவிட்டு உன் பெயரை ஏற்றிவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார். என்னைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடம் உண்டா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது அந்த மெமோ இல்லை, அந்தத் தோழி நீட்டுகிற உதவிதான்.

தடுப்பூசி போட மறுப்பது, அதிகம் போனால், ஒரு வேலைப் பிரச்சினை. போடாத ஊசியைப் போட்டதாகப் பதிவேட்டில் ஏற்றுவது குற்றவியல் பிரச்சினை. பொய் ஆவணம், மோசடி, மருந்தை வீணாக்கியது என்று வரிசையாகப் பிரிவுகள் சேரும், உங்கள்மீது மட்டுமில்லாமல் அவர்மீதும். அந்த அறையில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு குப்பிக்கும் தொகுதி எண் இருக்கிறது. எந்தக் குப்பியிலிருந்து எத்தனை டோஸ் எடுத்தார்கள், யாருக்கு, எந்த நேரத்தில் என்று பதிவு இருக்கிறது. உங்களுக்குப் போட்டதாக எழுதிய நேரத்தில் நீங்கள் வேறொருவரின் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்ததும் அதே பதிவேட்டில் இருக்கும். இத்தாலியில் ஊசி போடுவதுபோல் நடித்துச் சான்றிதழ் ஏற்றிய செவிலியர்கள் கைதாகியிருக்கிறார்கள். அங்கே போனது வேலையோடு நிற்கவில்லை. வேலை போனால் வேறு மருத்துவமனை உண்டு. செவிலியர் கவுன்சில் பதிவு போனால் எந்த மருத்துவமனையும் இல்லை. இன்னொன்றும் உண்டு. நாளைக்கு நீங்கள் கருவுற்றிருக்கும்போது தொற்று வந்தால், அந்தப் பொய்ச் சான்றிதழை நம்பித்தான் உங்கள் டாக்டர் முடிவெடுப்பார்.

சரி, கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு வருவோம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பிரிவு எண் சொல்லிப் பதில் தர அது ஒரு தடைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பல நாட்டு நீதிமன்றங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கோடு போட்டிருக்கின்றன. உங்களைப் பிடித்து உட்காரவைத்து ஊசி குத்த யாருக்கும் உரிமை இல்லை. அதற்காக, போட்டுக்கொள்ளாமலே அதே வார்டில் அதே வேலையைத் தொடர உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் வழக்குப் போட்டுத் தோற்றிருக்கிறார்கள்.

1905-இல் அமெரிக்காவில் பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஒரு போதகரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அவர் தோற்றார். தண்டனை 5 டாலர் அபராதம், அவ்வளவுதான். யாரும் அவர் கையைப் பிடித்து ஊசி குத்தவில்லை. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் செக் நாட்டுக் குழந்தைகளின் தடுப்பூசி வழக்கில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் விஷயம் அபராதமும் பாலர் பள்ளியில் இடம் மறுத்ததும்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ஆம் தேதி இன்னும் வெளிப்படையாகவே சொன்னது. உடல்மீதான உரிமை வாழ்வுரிமையில் அடங்கும், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது. ஆனால் பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம், அவை அளவோடு இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

மருத்துவமனை ஊழியர் என்று வந்துவிட்டால் தராசு நிர்வாகத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்கிறது. 2022 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள் போட்டது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கெல்லாம் தடுப்பூசி அல்லது பரிசோதனை என்ற விதியை நிறுத்திவைத்தது. அரசின் மருத்துவ நிதி பெறும் மருத்துவமனைகளின் ஊழியர்களுக்கான விதியை மட்டும், 5 நீதிபதிகள் ஆதரவாகவும் 4 பேர் எதிராகவும் நிற்க, அனுமதித்தது. நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்ப்பது மருத்துவத் தொழிலின் அடிப்படை என்பதுதான் அங்கே எடுபட்ட வாதம். அதற்கு முன்பே, 2021 ஜூனில், ஹூஸ்டன் நகரத்து மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் ஊழியர்கள் 117 பேர் போட்ட வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தார். "இது மிரட்டல் இல்லை, போட்டுக்கொள்ள விருப்பமில்லை என்றால் வேறிடத்தில் வேலை பார்க்கலாம்" என்பதே அவர் சொன்னதன் சாரம். கடைசியில் 153 பேர் அங்கிருந்து விலகினார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமும் 2022 ஏப்ரலில், மருத்துவ, முதியோர் பராமரிப்பு ஊழியர்களுக்கான கட்டாயம் செல்லும் என்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு உடைந்துபோக வேண்டாம். மறுபக்கமும் உண்டு.

கனடாவின் ஒன்டாரியோவில் கொரோனாவுக்கு முன்பே ஒரு சண்டை நடந்தது. ஃப்ளூ தடுப்பூசி போடாத நர்ஸ்கள் சீசன் முழுக்க முகக்கவசம் போட வேண்டும் என்று மருத்துவமனைகள் விதி கொண்டுவந்தன. நர்ஸ்கள் சங்கம் நடுவர் முன் போனது. 2015-இலும் 2018-இலும் சங்கமே ஜெயித்தது. அந்த விதியால் நோயாளிகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள் நடுவர்கள். இங்கிலாந்தில் அரசே பின்வாங்கியது. முதியோர் இல்ல ஊழியர்களுக்கு 2021 நவம்பரில் கட்டாயமாக்கி, மற்ற மருத்துவ ஊழியர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் என்று நாள் குறித்துவிட்டு, வைரஸின் தன்மை மாறியதும் 2022 மார்ச்சில் மொத்தமாகவே ரத்து செய்தது. நான் மேலே சொன்ன இந்தியத் தீர்ப்பிலும், போடாதவர்கள் மூலம்தான் அதிகம் பரவுகிறது என்று காட்டும் தரவு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் குறித்திருக்கிறது. ஆக, "விதி போட்டுவிட்டோம்" என்று சொல்லி நிர்வாகம் உட்கார்ந்துவிட முடியாது. இந்த நோய்க்கு, இந்த நேரத்தில், இந்த வார்டுக்கு இந்த விதி ஏன் தேவை என்று காட்டும் சுமை அதன் தலையில்தான் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கிற ஆயுதம் நடைமுறைதான். அந்த மெமோவை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். அது அரசு உத்தரவின்படி வந்ததா, நிர்வாகம் தானாகப் போட்டதா? பிரான்சிலும் இத்தாலியிலும் போடாத ஊழியர்களைச் சம்பளம் இல்லாமல் ஒதுக்கிவைத்தார்கள் என்றால், அங்கே அதற்கென்றே சட்டம் இயற்றியிருந்தார்கள். சட்டமும் இல்லை, உங்கள் நியமனக் கடிதத்திலும் அப்படியொரு நிபந்தனை இல்லை என்றால், சம்பளத்தை நிறுத்த இவர்களுக்கு எது அதிகாரம் தருகிறது என்று எழுத்தில் கேட்கலாம். மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு விலக்கு என்று மெமோவில் ஒரு வரியாவது இருக்கிறதா? ஊசி போடுகிற அறையைத் தவிர வேறு வேலைக்கு மாற்றுவதைப் பற்றி யோசித்தார்களா? பணிநீக்கத்துக்கு முன் விளக்கம் கேட்டு, விசாரணை வைத்து, உங்கள் பக்கத்தைக் கேட்டார்களா? 11 ஆண்டுகள் வேலை பார்த்தவரை 14 நாளில் ஒரு மெமோவால் வெளியேற்றுவதைத் தொழிலாளர் நீதிமன்றங்கள் லேசில் விடுவதில்லை.

இப்போது உங்கள் பயத்தைப் பற்றி. நான் டாக்டர் இல்லை, வழக்கறிஞர்தான். ஆனால் என் கட்சிக்காரரிடம் வழக்கின் பலவீனத்தை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. தடுப்பூசிகளின் முதல்கட்டச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஆரம்பத்தில் பல நர்ஸ்கள் தயங்கியதற்கு அது ஒரு நியாயமான காரணம்தான். பிறகு லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள். தடுப்பூசியால் கருத்தரிக்கும் திறன் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் தொற்று கடுமையாகும் அபாயம்தான் உறுதியானது. இந்தத் தடுப்பூசியைப் போடவே கூடாது என்று சொல்ல மருத்துவத்தில் ஒத்துக்கொள்ளும் காரணங்கள் மிகக் குறைவு. முந்தைய டோஸுக்கோ, அதில் சேர்ந்திருக்கும் பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருப்பது அதில் முக்கியமானது. அதனால் "நிரந்தர விலக்கு" என்று சான்றிதழ் கேட்டுப் போனால் நேர்மையான டாக்டர் தரமாட்டார், தந்தாலும் நிர்வாகம் கிழித்துப் போடும். உங்கள் சிகிச்சையின் இந்தக் கட்டம் முடியும்வரை இத்தனை வாரம் தள்ளிப்போடலாமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அவர் தேவையில்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அந்தப் பதிலையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

எப்படியானாலும், காரணத்தை இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்ல ஊழியர் தடுப்பூசியை மறுத்து வேலையை இழந்தார். முதலில் தடுப்பூசி பாதுகாப்பானதா என்ற சந்தேகத்தைத்தான் சொன்னார். ஒழுங்கு விசாரணையில் உட்கார்ந்த பிறகு மத நம்பிக்கையும் ஒரு காரணம் என்றார். 2022-இல் தீர்ப்பாயம் அதை நம்பவில்லை, பணிநீக்கம் செல்லும் என்றது. தாமதமாக வருகிற காரணம் உண்மையாகவே இருந்தாலும் ஜோடித்ததுபோலத்தான் தெரியும்.

அந்த இரண்டு தாள்களிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தாளில் "முழு மனதோடு" என்று எழுதி, பின்னால் பணிநீக்க மிரட்டல் நிற்கிறது. அந்த முரணை நிர்வாகமே எழுத்தில் தந்துவிட்டது, பத்திரமாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தாள் இன்னும் மோசம். மறுப்புப் படிவம் என்பதே தவறு இல்லை. மருத்துவ ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதலாளி இலவசமாகத் தர வேண்டும், வேண்டாம் என்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று அமெரிக்காவில் 1991 முதல் விதி இருக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில், எனக்கு ஆபத்து தொடர்கிறது என்று புரிந்துகொண்டேன், பின்னால் மனம் மாறினால் இலவசமாகப் போட்டுக்கொள்வேன் என்றுதான் இருக்கும். மருத்துவமனையில் யாருக்கு நோய் வந்தாலும் நானே பொறுப்பு என்று ஒரு வார்த்தை இருக்காது. உங்களிடம் நீட்டியிருப்பது நஷ்ட ஈட்டுப் பத்திரம். தாளுக்குத் தாளாகப் பதில் சொல்லாமல், நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

"தங்கள் மெமோ கிடைத்தது. நான் தடுப்பூசியை எதிர்ப்பவள் இல்லை. தினமும் அதைப் போடும் பணியில் இருக்கிறேன். தற்போது மருத்துவச் சிகிச்சையில் இருப்பதால், மருத்துவர் குறிப்பிடும் காலம்வரை அவகாசம் கேட்கிறேன். அதுவரை முகக்கவசம், பரிசோதனை முதலிய எல்லா விதிகளையும் கடைப்பிடிப்பேன். நோயாளிகளோடு நேரடித் தொடர்பில்லாத பணிக்கு மாற்றினாலும் ஏற்றுக்கொள்கிறேன். நோட்டீஸ் போர்டிலிருந்து என் பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

சிகிச்சை என்னவென்று அதில் விவரிக்க வேண்டாம். சான்றிதழை மூடிய உறையில், மருத்துவமனையின் மருத்துவ அதிகாரிக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் கருச்சிதைவு எச்.ஆர். மேசையில் உருளுகிற செய்தியாகக் கூடாது. பட்டியலை ஒட்டியதைப் பொறுத்தவரை, யார் போட்டார் யார் போடவில்லை என்பது ஊழியரின் உடல்நலத் தகவல். நிர்வாகம் அதைத் தெரிந்துவைத்திருக்கலாம், ஊரறிய ஒட்டக்கூடாது. இன்றைக்கே செல்போனில், தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடிதம் போனதும் கழற்றிவிடுவார்கள், அப்புறம் ஒட்டவே இல்லை என்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கை நீட்டிக்கொண்டு உட்காருகிறவர், "சிஸ்டர், நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்று நிச்சயம் கேட்பார். பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் போட்டுக்கொண்டேன் என்று பொய் சொல்லவும் கூடாது, எனக்கே பயம்தான் என்று அவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. இரண்டாவதைச் செய்தால், மறுத்ததற்காக இல்லாமல், பணியைச் செய்யாததற்காகவே நடவடிக்கை எடுக்கலாம். அதை என்னாலும் காப்பாற்ற முடியாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் தராதீர்கள். "அதுதான் உனக்கு நல்லது, அனுபவச் சான்றிதழ் சுத்தமாக வரும்" என்பார்கள். ராஜினாமா கொடுத்தவருக்குப் பணிநீக்கத்தை எதிர்க்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். நீக்குவதாக இருந்தால் அவர்களே எழுத்தில் நீக்கட்டும், அந்தத் தாள்தான் தொழிலாளர் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற உங்கள் டிக்கெட்.

மெமோ வந்து ஒரு வாரம் போய்விட்டது. மகப்பேறு மருத்துவரை நாளைக்கே பாருங்கள். மறுநாள் கடிதத்தை நேரில் கொடுத்து, பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அந்த மெமோவையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் தொழிலாளர் வழக்கு நடத்துகிற ஒருவரை 14 நாள் முடிவதற்குள் போய்ப் பாருங்கள்.