ஒளியைச் சுமந்து செல்லும் ஈத்தர் இல்லை என்று சார்பியல் நிரூபித்துவிட்டதா?

நிரூபிக்கவில்லை. ஈத்தர் செய்துவந்ததாகக் கருதப்பட்ட வேலையே இல்லாமல் போனது என்பதுதான் சரியான பதில்.

ஒளி ஓர் அலை என்றால் அலைவதற்கு ஒரு பொருள் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணினார்கள்; அந்தப் பொருளையே ஈத்தர் என்றார்கள். மின்சாரத்தையும் காந்தத்தையும் விளக்கும் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் ஒளிக்கு நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. என்ற வேகத்தைத் தந்தபோது, எதைப் பொறுத்து அந்த வேகம் என்ற கேள்விக்கும் ஈத்தரே விடையாயிற்று.

அப்படியானால் ஈத்தரினூடே நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடும் பூமியில், எதிரே வரும் ஈத்தரின் ஓட்டம் நீரோட்டம் போலத் தெரிய வேண்டும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் மணிக்கு 6 கி.மீ. என்றும், அசையாத நீரில் வள்ளத்தின் வேகம் 10 கி.மீ. என்றும் கொள்வோம். நீரோட்டத்துக்குக் குறுக்கே 1 கி.மீ. போய்த் திரும்ப 15 நிமிடம் ஆகும். நீரோட்டத்தோடு போய் அதை எதிர்த்துத் திரும்பக் கிட்டத்தட்ட 19 நிமிடம் ஆகும். இதே வேறுபாட்டைத்தான் மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் கிளீவ்லாந்தில், பாதரசத்தில் மிதந்த கற்பலகையின் மேல், ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று குறுக்கான திசைகளில் ஏறத்தாழ 11 மீட்டர் போய்த் திரும்பவைத்துத் தேடினார்கள். திரும்பிய கதிர்கள் சேரும்போது தோன்றும் ஒளியும் இருளுமான குறுக்கீட்டுப் பட்டைகள் 0.4 பட்டை அளவு நகர வேண்டியிருந்தும், அதில் இருபதில் ஒரு பங்குகூட நகரவில்லை.

இந்தச் சோதனையோடு ஈத்தர் ஒழிந்தது என்று பல பாடநூல்கள் முடித்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது, ஏனெனில் அது ஒழியவில்லை. ஈத்தரில் நகரும் பொருள் நகரும் திசையில் சுருங்குகிறது என்று ஃபிட்ஸ்ஜெரால்டும் லோரன்ஸும் தனித்தனியே சொல்லி அதைக் காப்பாற்றினார்கள். ஒருவர் அளக்கும் தூரத்தையும் நேரத்தையும் நகரும் இன்னொருவரின் அளவுகளாக மாற்ற லோரன்ஸ் 1904இல் எழுதிய உருமாற்றச் சமன்பாடுகளே இன்றும் சார்பியலில் பயன்படுகின்றன.

ஐன்ஸ்டீனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரை மைக்கல்சனிலிருந்து தொடங்கவில்லை. காந்தத்திலிருந்தும் கம்பியிலிருந்தும் தொடங்குகிறது. மண்டபம் பக்கத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் நடத்தும் நான் இதை வகுப்பில் செய்துகாட்டுவது வழக்கம்: கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செருகினால் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் ஒரு பக்கம் துள்ளும், காந்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சுருளை அதே வேகத்தில் அதன் மேல் தள்ளினாலும், அதே பக்கம், அதே அளவு துள்ளும். ஈத்தர்க் கொள்கையிலோ இவை இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். முதலாவதில் மின்புலம் பிறக்கிறது, இரண்டாவதில் பிறப்பதில்லை. எது நகர்கிறது என்பதை முள்ளே வேறுபடுத்திக் காட்டாதபோது, ஈத்தரைப் பொறுத்த ஓய்வு என்று ஒன்றை ஏன் கொள்கையில் வைத்திருக்க வேண்டும்?

ஆகவே, சீராக நகரும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே என்றும், வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் ஒன்றே என்றும் ஐன்ஸ்டீன் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இவ்விரண்டும் சேர்ந்து நிற்க, ஒரே நேரத்தில் நடந்தவை என்று ஒருவர் சொல்லும் இரு நிகழ்ச்சிகள் நகரும் இன்னொருவருக்கு வெவ்வேறு நேரத்தில் நடந்தவையாக இருக்கலாம் என்பதை ஏற்றாக வேண்டும். அதை ஏற்றதும், லோரன்ஸ் ஈத்தரின் துணையோடு பெற்ற அதே சமன்பாடுகள், பொருளின் அமைப்பைப் பற்றிய எந்த ஊகமும் இல்லாமல், தூரத்தையும் நேரத்தையும் அளக்கும் முறையிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. எதைப் பொறுத்து 3 லட்சம் என்று கேட்டால், அளக்கும் ஒவ்வொருவரையும் பொறுத்து என்பதே இப்போது விடை. ஒளிதாங்கும் ஈத்தர் தேவையற்றதாகிவிடும் என்று அவரும் அக்கட்டுரையின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.