கிட்டார் பிரிட்ஜ் ஒட்ட எவ்வளவு கேட்பது?

கேள்வி: ஐயா, திருச்சியில் இரண்டு வருடமாகக் கிட்டார் பழுதுபார்க்கிறேன். செட்டப்புக்கு, அதாவது வாசிக்க வாகாகக் கம்பியின் உயரத்தையும் சுருதியையும் சரிசெய்ய, 400 ரூபாய் சொன்னால், "கம்பி மாற்றித் திருகுவதற்கா இவ்வளவு?" என்கிறார்கள். குறைத்துக் குறைத்து இப்போது 250-இல் நிற்கிறேன். இரவு பத்து மணிவரை வேலை இருக்கிறது. கையில் காசு தங்குவதில்லை. நியாயமான கூலியை எப்படிக் கணக்கிடுவது? விலையுயர்ந்த கிட்டார் என்றால் கூடுதலாகக் கேட்கலாமா?

பதில்: பத்து மணிவரை வேலை குவிகிறது என்றால், தம்பி, ஊரிலேயே மலிவு நீங்கள்தான் என்று அர்த்தம்.

என் பட்டறைக் கணக்கையே சொல்கிறேன். வாடகை 9,000. மின்சாரம், உப்புத்தாள், பசை, தேய்ந்த அரம் எல்லாம் சேர்த்து 5,000. வீட்டுக்குப் போகவேண்டியது 36,000. ஆக, 50,000 ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 250 வரும். அங்கேதான் நானும் பல வருடம் ஏமாந்தேன். வந்தவரிடம் பேசுவது, கம்பி வாங்கப் போவது, "ஆச்சா?" என்று கேட்கும் தொலைபேசிக்குப் பதில் சொல்வது எல்லாம் போக, கிட்டாரின்மேல் கை இருக்கும் நேரம் பாதிதான். ஆகவே மணிக்கு 500. கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியைத் திருப்பி, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் நட்டின் பள்ளங்களை அராவி, மறுமுனையில் அவற்றைத் தாங்கும் சேடிலைத் தேய்த்துச் சுருதி பார்த்து ஒரு செட்டப்பை முடிக்க எனக்கு ஒன்றரை மணி ஆகிறது: 750 ரூபாய். உங்களுக்கு இரண்டரை மணி ஆனால், அந்த ஒரு மணியை வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். அது நீங்கள் தொழில் படிக்கும் செலவு.

ஒட்டு விட்ட பிரிட்ஜ்தான், அதாவது கிட்டாரின் மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டைதான், ஆளை விழுங்கும். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டால் பசை இளகி, பின்விளிம்பு மெல்லத் தூக்கும். ஒருமுறை மேலாகப் பார்த்துவிட்டு 600 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். யாரோ முன்பே சூப்பர் க்ளூவை ஊற்றிவைத்திருந்தார்கள். அதைச் சுரண்டவே அரை நாள். பிறகு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால், அடியில் பலகையைத் தாங்கும் பிரேஸ் சட்டமும் கழன்றிருந்தது. இரண்டு நாள் போயிற்று. இப்போதெல்லாம் கண்ணாடியும் சிறு விளக்கும்தான் முதலில். அதற்குப் பார்வைக் கூலி 200. வேலையைக் கொடுத்தால் கழித்துக்கொள்வேன். தொகையை எழுதிக் கொடுக்கிறேன். நடுவில் வேறு கோளாறு தெரிந்தால் நிறுத்திவிட்டு, கேட்ட பிறகே தொடுகிறேன். பசை காயும் ஒரு நாளுக்குக் கூலி கிடையாது. அது தானாகக் காய்கிறது.

கிட்டாரின் விலையைப் பார்த்துக் கூலி சொல்லாதீர்கள். பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு, பிரிட்ஜைக் கழற்றச் சூடாக்கும்போது கொப்புளிக்கக்கூடும். சுற்றிலும் மறைப்புக் கட்ட ஒரு மணி கூடுதலாகும். அந்த ஒரு மணிக்கு 500 கேளுங்கள். அவர் பெரிய காரில் வந்து இறங்கியதற்கு ஒரு ரூபாயும் வேண்டாம். 4,000 ரூபாய் கிட்டாருக்கு, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. எட்டு மணி வேலை, கூலியே 4,000. புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். அவர்களில் சிலர் அந்தப் புதிய கிட்டாரின் செட்டப்புக்கு என்னிடமே திரும்பி வந்திருக்கிறார்கள்.

நானும் இளகுவது டிசம்பரில்தான். சர்ச் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குச் செட்டப் பாதிக் கூலி. ஆனால் ரசீதில் 750 என்று முழுதாக எழுதி, தள்ளுபடியைத் தனி வரியில் காட்டுகிறேன். இல்லாவிட்டால் ஜனவரியிலும் 375-தானே என்று வந்து நிற்பார்கள்.