பெரிய ஆட்டக்காரர் தன் ஆட்டங்களைத் தானே விளக்கியதைப் படித்துச் சதுரங்கம் கற்க முடியுமா?

முடியும். ஆனால் சாய்வு நாற்காலியில் கதைப்புத்தகம்போல வாசித்து அல்ல. நான் அப்படித்தான் வாசித்தேன், அதன் பலனையும் அனுபவித்தேன்.

கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில், அமெரிக்கச் சதுரங்க மேதை பாபி பிஷர் தன் 60 ஆட்டங்களை விளக்கி 1969இல் வெளியிட்ட புத்தகம் கிடைத்தது. அந்த 60இல் 3 தோல்விகளும் உண்டு. தோற்றதையும் அச்சில் போடுகிறவரை நம்பலாம் என்று தோன்றியது.

அதில் ஒன்று, 1960இல் மார் டெல் பிளாட்டாவில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கியின் கிங்ஸ் காம்பிட்டிடம் தோற்றது. (வெள்ளை தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலியாகக் கொடுத்துத் தாக்கும் ஆட்டமுறை அது.) அந்த எரிச்சலில் அடுத்த ஆண்டே அதை முறியடிக்கும் வழி என்று ஒரு கட்டுரை எழுதினார்: கறுப்பு தன் மூன்றாவது நகர்த்தலில் ராணிச் சிப்பாயை, அதாவது ராணிக்கு முன்னால் நிற்பதை, ஒரு கட்டம் தள்ள வேண்டும். என் மண்டையில் தங்கியது அவ்வளவுதான்.

சில மாதங்களில் கொழும்பில் அலுவலகங்களுக்கிடையே ஒரு போட்டி. எதிரே இருந்த பையன் ஆடியதும் அதே கிங்ஸ் காம்பிட். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராணிச் சிப்பாயைத் தள்ளினேன். அவன் தன் மந்திரியை வெளியே கொண்டுவந்தான். நான் யோசிக்காமல் ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் ஓட்டினேன். அவன் ஓரச் சிப்பாயால் அதைச் சீண்டினான், நான் மேலும் தள்ளினேன், அவனது குதிரை துள்ளி வந்து மந்திரியோடு சேர்ந்து என் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைத்தது. 20 நகர்த்தலுக்குள் தோற்று எழுந்துவிட்டேன். முதலில் என் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அந்தக் குதிரையை வரவிடாமல் செய்திருக்க வேண்டும். பிஷரின் கட்டுரையும் அதைத்தான் சொன்னது என்று பிறகு அறிந்தேன்.

அன்று வெள்ளவத்தைக்குத் திரும்பிய 100ஆம் இலக்க பஸ் டிக்கெட்டாலேயே புத்தகத்தின் அடுத்த வரியை மறைத்து, என் நகர்த்தலையும் காரணத்தையும் கொப்பியில் எழுதிய பிறகே அவருடையதைப் பார்த்தேன். ஓர் ஆட்டத்துக்கு நான்கு மாலைகள் ஆயின. கணினி ஒரு நொடியில் சொல்லுமே என்பீர்கள். நகர்த்தலைச் சொல்லும், பிஷர் எதற்குப் பயந்து இன்னொன்றைத் தவிர்த்தார் என்று சொல்லாது.

மகளுக்கும் டிக்கெட் வைத்துத்தான் தொடங்கினேன். பிறகு 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் ஆறு நாள் டியூஷன்! வேண்டாம் என்ற என்னை வீட்டில் எல்லோரும் பொறுப்பில்லாதவன் என்றார்கள். பலகை அலமாரிக்கு மேலே ஏறியது. பரீட்சை முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது.