அரியர் வைத்தவன் டாக்டர் ஆகலாமா?

டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: டீச்சர், எனக்கு 21 வயது. வீடு காசிமேட்டில். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை மாநகராட்சிப் பள்ளி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 61 சதவீதம். இப்போது பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம், ஆறு அரியர். அப்பா தவறியதிலிருந்து ராத்திரி ஒரு மணிக்கு ஹார்பரில் கூடை இறக்கப் போகிறேன். காலையில் கிளாஸில் தூங்கிவிடுகிறேன். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. டிகிரியில் மார்க் குறைந்தால் மெடிக்கல் சீட் கிடைப்பது ரொம்பக் கஷ்டம் என்று அமெரிக்காவில் இருக்கும் டாக்டர் ஒருவர் வீடியோவில் சொல்கிறார். நான் படிப்பை நிறுத்திவிட்டு நீட் எழுதலாமா, ஆசையை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், காசிமேடு.

பதில்: தம்பி, அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது அந்த ஊர் நடைமுறை. அங்கே பெரும்பாலும் நாலு வருஷ டிகிரி முடித்துத்தான் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பார்கள். டிகிரி மதிப்பெண்ணையும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் டிகிரியில் சறுக்கியவர்கள் மறுபடி அறிவியல் பாடங்களை எடுத்துப் படித்து, இப்போது தேறிவிட்டேன் என்று காட்ட வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் எம்.பி.பி.எஸ். பிளஸ் டூவுக்கு அடுத்த படிப்பு. நீட் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடும்போது உன் ஆறு அரியருக்கு வேலையே இல்லை. பிளஸ் டூவில் அந்த மூன்று பாடத்தில் குறைந்தது பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 இருக்க வேண்டும். நீ 61 வைத்திருக்கிறாய். நீட் எழுத இருந்த உச்ச வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது. வினாத்தாள் தமிழிலும் உண்டு.

உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்: ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை மாநகராட்சிப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கானது. அதற்குத் தரவரிசையே தனி. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இந்த வாரமே பள்ளிக்குப் போய், ஏழு வருஷமும் அங்கே படித்ததற்கான சான்றிதழை வாங்கி வை. நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வாங்கு.

படிப்பை நிறுத்தாதே. கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு வந்த ஒரு பையனின் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும், மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று அவன் கல்லூரியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துக் காட்டியும் நானும் அவனும் மூன்று வாரம் அலைந்தோம். அந்த அலைச்சல் உனக்கு வேண்டாம்.

இனிக் கஷ்டமான விஷயம். அந்த ஆறில் எத்தனை துணைப்பாட வேதியியல் என்று நீ எழுதவில்லை. தூக்கத்தால் போன பேப்பர் வேறு, புரியாமல் போன பேப்பர் வேறு. ஆறு வினாத்தாளையும் எடுத்து வைத்து, எது எதனால் போனது என்று பக்கத்தில் எழுது. நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழியும். என்னிடம் படித்த தண்டையார்பேட்டைப் பெண் முதல் முறை ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வட்டம் நிரப்பிவிட்டு வந்தாள். விடைக்குறிப்பு வந்ததும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரிபார்த்தோம். 61 தப்பு, அதில் பாதிக்கு மேல் இயற்பியல். அடுத்த வருஷம் காலையில் எழுந்ததும் முதல் இரண்டு மணி நேரம் இயற்பியல் கணக்கு மட்டும்தான் போட்டாள். இப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

உயிரியலில் உனக்குப் பாதிப் பாடம் கைப்பழக்கத்திலேயே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் விலங்குலகம் பாடத்தைத் திற. எக்ஸோசீட்டஸ் என்று போட்டிருக்கும். நம் பறவைக் கோலாதான். டிரைகான் திருக்கை, பிரிஸ்டிஸ் வேளா, ஸ்கோலியோடான் சுறா. குருத்தெலும்பு மீனுக்குச் செவுள் மூடி கிடையாது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நீ ராத்திரி கூடையிலிருந்து எடுக்கும் திருக்கையைத் திருப்பிப் பார். அடிப்பக்கத்தில் செவுள் பிளவுகள் வரிசையாகத் திறந்தே இருக்கும். பக்கத்திலேயே வஞ்சிரத்தின் செவுள் மூடியை விரலால் தூக்கிப் பார். இனி அது உனக்கு மறக்காது.

ராத்திரி வேலையை உடனே விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆனால் விழித்த கண்ணோடு நீட் எழுத முடியாது. தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிறு வருகிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகெல்லாம் கரையேறிவிடும். தேர்வுக்கு முந்தைய அந்த மூன்று வாரமும் ராத்திரி தூங்கு. அதுவரை வாரத்தில் மூன்று ராத்திரி மட்டும் போனால் வீடு ஓடுமா என்று அம்மாவிடம் கேள். ஓடாது என்றால், இந்த வருஷம் அரியரை மட்டும் முடித்து டிகிரியை வாங்கு. அடுத்த வருஷ நீட்டுக்கு முழுசாக உட்காரலாம். உனக்கு வயது இருக்கிறது.

அம்மாவிடம் ஆறு அரியரையும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.