மேல்மாடியை விருந்தினர் விடுதியாக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகள் வெறுமையாக உள்ளன. நாட்டுக்கு வெளிநாட்டவர் வருகை கூடிவருவதால், கடன் எடுத்து அவற்றை விருந்தினர் விடுதியாக மாற்றலாமா?

பதில்: நாட்டின் மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் அடுத்து வந்த பெருந்தொற்றும் அத்தொகையை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறக்கின. 2024இல் அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு ஏறி இறங்கும் துறையை நம்பி மாதத் தவணை கட்டுவது மிகக் கடினம்.

மேலும், டிசம்பர் முதல் மார்ச் வரையான உச்சக் காலத்தில் வருவோரிற் பெரும்பாலோர் நாடுவது தென், மேற்குக் கரைகளையும் மலையகத்தையுமே. யாழ்ப்பாணத்தின் கணக்கு வேறு. ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடும் காலமும் ஏறத்தாழ ஒன்றாக அமைவதால், புலம்பெயர்ந்த எம்மவர் பிள்ளைகளோடு வருவது பெரும்பாலும் அப்போதுதான். முன்பு உறவினர் வீடுகளில் தங்கிய அவர்களிற் பலர் இன்று குளியலறையோடு கூடிய தனி அறையையே விரும்புகின்றனர். அந்நாடுகளின் கடவுச்சீட்டில் வரும் இவர்கள் புள்ளிவிவரத்திற் கனடியராகவோ பிரித்தானியராகவோ பதிவாவதால், உங்களுடைய உண்மையான வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை.

வருகையில் முதலிடம் வகிக்கும் இந்தியரும் உங்களுக்கு முக்கியமானவர்களே. ஆனால் அவர்கள் நேரே இங்கு வரும் வழிகள் இன்னும் உறுதிப்படவில்லை: 2019 ஒக்டோபரிற் சர்வதேச விமான நிலையமாக்கப்பட்ட பலாலிக்கு அடுத்த மாதம் தொடங்கிய சென்னை விமானச் சேவை 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரிலேயே மீண்டது, 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலோ வடகீழ்ப் பருவக்காற்றிற் கடல் கொந்தளித்தால் ஓடாது. ஆகவே கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குக் கப்பற் பயணிகளை வருமானத்திற் சேர்க்காதீர்கள்.

என் ஆலோசனை, சேமிப்பைக் கொண்டு ஓர் அறையை மட்டும் முதலில் ஆயத்தப்படுத்தி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவு செய்யுங்கள் என்பதே. தண்ணீரை இப்போதே கவனியுங்கள். கிணற்று மட்டம் இறங்கும் ஆடி, ஆவணி வரட்சியிலேதான் விருந்தினரும் கூடுவர் என்பதால், பெரிய தொட்டி குளிரூட்டியை விட அவசியமானது. திருவிழா நாட்களில் விரதம் இருப்போர் பலர் என்பதால் சமையலும் சைவமாக இருக்கட்டும். இரண்டு திருவிழாக் காலங்களின் வரவு செலவைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு அறைகளுக்கான கடனைப் பற்றி வங்கியிற் பேசுங்கள்.